ஒன்பதாவது வளைவு

இருபத்திரண்டு வருடம்
எலித் தீனியில் ஒரு பொடியைக் கலந்து
அவற்றின் மூளையைக் கெடுத்தவள் நான்.
ஐந்தாவது வாரம் நரம்பின் உறை உதிரும்.
ஆறாவது வாரம் பொடியை நிறுத்துவேன்.
அதற்கப்புறம்தான் என் வேலை:
காத்திருப்பது.

உறைக்கு மையலின் என்று பெயர்.
பாய் சுருட்டுவதுபோல் நரம்பின் மேல் சுருண்டிருக்கும்.
மனிதரில் அதைக் கிழிப்பது வெளியாள் இல்லை,
காவலுக்கு வைத்த நம் ஆட்களே.
இதைச் சொன்னால் மட்டும்
என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால்
நல்ல உறை ஆழ்ந்த நீலம்,
கிழிந்த இடம் ஒன்றுமில்லை.
ஆறிய இடம்
பலமுறை துவைத்த பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி வெளிறியிருக்கும்.
திரும்ப வளர்வது பழைய கனத்தை எட்டுவதேயில்லை.
அந்த வெளிறலைத்தான் தேடினேன்,
மற்றவர்கள் நகை சேர்த்த வயதில்.

எலிகளில் கிடைத்தது.
மனிதர்களில்,
மூன்று ஊர், நூற்றுப்பத்துப் பேர்,
மருந்துக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் வித்தியாசமில்லை
என்று ஒரு மத்தியானம் மின்னஞ்சல் வந்தது.
அஸ்தம்பட்டியில் வண்டியை ஓரம்கட்டி
தட்டுவடை செட் ஒன்று வாங்கித் தின்றேன்.
காரம் ஜாஸ்தியோ என்று
கடைக்காரர் தண்ணீர் நீட்டினார்.
ஆமாம் என்றேன்.

நூற்றுப்பத்தில் ஒருத்தி பூங்கோதை.
ஜவ்வரிசி ஆலையில் எடை எழுதுபவள்.
வெயில் ஏறினால் தராசின் எண்கள் கரைந்துபோகும் அவளுக்கு.
உறையில்லாத நரம்புக்குச் சூடு ஆகாது;
அரை டிகிரி போதும், சேதி வழியிலேயே நின்றுவிடும்.
அதனால் மே மாதத்தில் ஒரு நாள்
கழுத்தில் ஈரத்துண்டோடு
ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவாள்.
பக்கத்தில் நான், நோட்டோடு.

"நீங்க மருந்து எழுதுற டாக்டரா?" என்று முதல் வருடம் கேட்டாள்.
இல்லை.
"பின்ன?"
பார்த்துக்கொண்டிருப்பவள்.
"நல்ல வேலை" என்றாள்.
கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எண் பலகை.
ஆனால் எண்ணத் தெரிந்த எவரும்
ஒன்று, இரண்டு, மூன்று சொல்லலாம்.
ஆகவே நான் கேட்பது
பலகைக்குக் கீழே என்ன என்று.
முதல் வருடம் பதினான்காவது வளைவு வரை
"ஏதோ பழுப்பா" தான்.
போன வருடம் பதினொன்றில்
"ஒரு பை. மஞ்சப் பை."

கீழே வெள்ளைக்கல் சுரங்கம்.
மண் கிழிந்த இடமெல்லாம் வெள்ளை.
அவள் ஸ்கேனும் அப்படித்தான் இருக்கும்,
அதை நான் சொன்னதில்லை.

இந்த வருடம் ஒன்பது.
பஸ் திணறித் திரும்பியபோது
நான் கேட்கும் முன்பே சொன்னாள்:
"குரங்கு. மடியில குட்டி.
குட்டிக்கு ஒரு காது பாதிதான் இருக்கு."
நான் திரும்பிப் பார்த்தேன்.
பாதிதான் இருந்தது.

ஒரே ஒரு ஆள்.
அன்று மேகம்வேறு.
துண்டு கூடுதல் ஈரமாயிருந்திருக்கலாம்.
இதைக் கட்டுரை என்று அனுப்பினால்
நானே திருப்பி அனுப்புவேன்.

இறங்கும்போது அனல் ஏறி வந்தது.
ஆறாவது வளைவுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டாள்.
"அதுவா போறதுக்குள்ள
நானே மூடிக்கிறேன்.
கணக்கு அப்படித்தான்."

என் மேசை இழுப்பறையில்
அவள் எண்ணெழுதிய ஓர் உறை இருக்கிறது.
அவள் விழுங்கியது மருந்தா சர்க்கரையா
என்பது உள்ளே.
பிரித்தால்
அடுத்த மே மாதம் என் காது
அவள் சொல்வதை வேறுமாதிரி கேட்கும்.

பசை காய்ந்து ஓரம் தானாகவே விலகியிருந்தது.
நேற்று ராத்திரி
அதன் மேல் செல்லோடேப் ஒட்டினேன்.
பழையபடி இல்லை,
மெல்லிசுதான்.